கடைசி இருபது சதவீதம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிஃபோர்னியா எல்லைக்கு அருகே, குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஊர் வெறிச்சோடிக் கிடக்கும். குளிர்காலம் பிறந்துவிட்டால் கதையே வேறு. பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் தங்கலாம். கள்ளிச்செடி உண்டு, கூழாங்கல் தரை உண்டு, இரவில் நட்சத்திரங்கள் உண்டு. மின்கம்பம் மட்டும் கிடையாது.

வண்டிக்குள்ளோ ஒரு முழு வீடு இயங்கியாக வேண்டும். பிரிட்ஜ், விளக்குகள், குழாயில் தண்ணீர் வரவழைக்கும் பம்ப், டிவி, இரவுக் குளிருக்கு எரிவாயு ஹீட்டர். எரிவாயு என்றாலும் அந்த ஹீட்டரின் விசிறி மின்சாரத்தில்தான் சுற்றுகிறது. வண்டியில் ராத்திரி முழுக்க மின்சாரம் குடிப்பது பெரும்பாலும் அதுதான். நம் ஊரில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளம் நினைவுக்கு வரும். அங்கே பக்கத்திலேயே ஜெனரேட்டர் வண்டி ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் பேட்டரிக் கணக்குப் போடுவதில்லை. லா போசாவில் இரவு நேரத்தில் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது. அந்த நேரத்தில் வீட்டைத் தாங்குவது வண்டித் தரைக்கு அடியில், ஒரு சிறு பெட்டி அறைக்குள் அடுக்கிவைத்த பேட்டரிகள் மட்டுமே.

புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்திலேயே ஓர் அனுபவம் நேரும். விடியற்காலையில் எழுந்து காபி மெஷினைப் போடுவார். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். அன்றைக்கே கடைக்குப் போய் இன்னும் இரண்டு பேட்டரி வாங்கிவந்து மாட்டுவார். நான்கைந்து நாள் நன்றாக ஓடும்; பிறகு பழைய கதைதான். பேட்டரி குறைவாக இருந்தது அவர் பிரச்சினையே இல்லை. இருந்த பேட்டரிகள் ஒருநாளும் முழுதாக நிறையவில்லை. அவற்றைக் கோத்த விதத்திலும் கோளாறு இருந்திருக்கும். எங்கே என்பதைப் பார்க்க, பேட்டரிக்குள்ளேயே கொஞ்சம் இறங்கவேண்டும்.

மோட்டார்ஹோமில் இரண்டு வகை பேட்டரிகள் உண்டு. ஒன்று இன்ஜினைக் கிளப்ப, மற்றது வீட்டுக்கு. இன்ஜின் பேட்டரியின் பரம்பரை 1912இல் தொடங்குகிறது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் மோட்டாரை அந்த ஆண்டு காடிலாக் கார்களில் பொருத்தினார்கள். கையால் கிராங்க் சுற்றும் வேலை ஒழிந்தது. அந்த வேலைக்குச் சில நொடிகள் மட்டும் பல நூறு ஆம்பியர் வேண்டும். அதற்காக மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கி, அமிலம் தொடும் பரப்பைக் கூட்டியிருப்பார்கள். வீட்டு பேட்டரியின் வேலை நேர்மாறானது: ஐந்து, பத்து ஆம்பியரை இரவு முழுக்கத் தரவேண்டும், மறுநாள் நிறைய வேண்டும், மீண்டும் இறங்கவேண்டும். அதற்குத் தடித்த தகடுகள் தேவை. இன்ஜின் பேட்டரியை வீட்டு வேலைக்குப் போட்டால் சில வாரங்களில் மெல்லிய தகடுகளின் பூச்சு உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கிவிடும். இரண்டையும் பிரித்துவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவெல்லாம் டிவி பார்த்துவிட்டு, காலையில் வண்டி கிளம்பாமல் பாலைவனத்தில் நிற்கக் கூடாது அல்லவா?

வகை எதுவானாலும் உள்ளே நடக்கும் வேதியியல் ஒன்றே. 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே இரண்டு காரீயத் தகடுகளை இடையில் பட்டை வைத்துச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்சாரம் ஏற்றி இறக்கினார். திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளக்கூடிய முதல் பேட்டரி அதுதான். ஒரு தகடு காரீயம், மற்றது காரீய டை ஆக்சைடு. மின்சாரம் கொடுக்கும்போது இரண்டுமே காரீய சல்பேட்டாக மாறுகின்றன; அமிலம் செலவாகி நீராகிறது. திருப்பி ஏற்றினால் சல்பேட் பிரிந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தே பேட்டரியின் நிலையைச் சொல்லிவிடலாம். ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினால் உள்ளே மிதவை 1.27 அருகே நின்றால் நிறைந்திருக்கிறது, 1.19 பக்கம் அமிழ்ந்துவிட்டால் பாதி போய்விட்டது.

ஓர் அறைக்கு 2.1 வோல்ட்; ஆறு அறை சேர்ந்து 12 வோல்ட் பேட்டரி. இந்த 2.1 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2011இல் ஒரு விடை வந்தது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய ராஜீவ் அகுஜா, ஃபின்லாந்தின் பெக்கா பியூக்கோ உள்ளிட்ட அறிவியலாளர்கள் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். காரீய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள். அந்த இழுப்பில் கருவுக்கு மிக அருகில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீத வேகத்தில் இயங்குகின்றன. அவ்வளவு வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியலை விட்டுவிட்டுக் கணக்குப் போட முடியாது. சார்பியலின் விளைவு வெளிக்கூடு வரை நீள்கிறது. அங்குள்ள ஒரு ஜோடி எலக்ட்ரான்கள் உள்நோக்கி இறுகிப் பிடிக்கப்படுகின்றன. அதனால் எலக்ட்ரான்களை இழந்து நிற்கும் காரீய டை ஆக்சைடு, அந்த ஜோடியைத் திரும்பப் பெற மிகுந்த வேகம் காட்டுகிறது. கணக்கில் சார்பியலைச் சேர்த்தபோது சரியான வோல்ட் வந்தது. நீக்கிப் பார்த்தபோது பெரும்பகுதி மறைந்தது. சுமார் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை சார்பியல் தந்தது! தனிம அட்டவணையில் காரீயத்துக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளீயத்தில் இந்த விளைவு மிகக் குறைவு. வெள்ளீய பேட்டரி என்று ஒன்று கடையில் இல்லாததற்கு அதுவே காரணம். பழைய லாரியின் பேட்டரியை இனி பார்க்கும்போது கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம்.

சரி, ஒரு பேட்டரி போதாது. பலவற்றை எப்படிச் சேர்ப்பது?

பள்ளியில் படித்ததுதான். தொடர் இணைப்பில் வோல்ட் கூடும். பக்க இணைப்பில் ஆம்பியர்-மணி கூடும். அமெரிக்க மோட்டார்ஹோம்காரர்களின் நெடுநாள் விருப்பம் கோல்ஃப் மைதான வண்டிக்கான 6 வோல்ட் பேட்டரி. தகடுகள் தடித்தவை, தினமும் ஏறி இறங்கப் பழகியவை. இரண்டைத் தொடரில் கோத்தால் 12 வோல்ட், சுமார் 220 ஆம்பியர்-மணி. இன்னும் வேண்டுமென்றால் அதேபோல் மற்றொரு ஜோடியைப் பக்கத்தில் இணைக்கலாம். இடம் வாய்க்காதவர்கள் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கைப் பக்க இணைப்பில் போடுவார்கள்.

இந்தப் பக்க இணைப்பில் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. பேட்டரியின் மேல் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று பொருள். 100 ஆம்பியர் வீதம் இழுத்தால் ஒரு மணி நேரம் வருமா? வராது. வேகமாக இழுக்க இழுக்கக் கையில் கிடைப்பது குறையும் என்று 1897இலேயே ஜெர்மானியர் பியூக்கெர்ட் சூத்திரம் எழுதிவைத்தார். அவர் சூத்திரத்தில் ஓர் அடுக்கெண் வரும். சாதாரண அமில பேட்டரிக்கு அதை 1.25 என்று எடுத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் 100 ஆம்பியர் இழுத்தால் ஒற்றை பேட்டரி 28 நிமிடத்தில் படுத்துவிடும். அதே சுமையை நான்கு பேட்டரிகள் ஆளுக்கு 25 ஆம்பியராகப் பங்கிட்டால் 2 மணி 40 நிமிடம் ஓடும். பேட்டரி நான்கு மடங்கு. நேரம் ஐந்தரை மடங்குக்கும் மேல். ஆயிரம் வாட் காபி மெஷின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட அந்த 100 ஆம்பியரைத்தான் உறிஞ்சுகிறது. காலையில் இன்வெர்ட்டர் கத்தியது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் 'ஆளுக்கு 25' என்று நான் எழுதியது காகிதத்தில்தான் சரி. பெட்டி அறையைத் திறந்து பாருங்கள். நான்கு பேட்டரிகள் வரிசையாக நிற்கும். சிவப்பு முனைகளை ஒரு சரமாகவும் கறுப்பு முனைகளை ஒரு சரமாகவும் குட்டைக் கேபிள்களால் கோத்திருப்பார்கள். கதவுக்கு அருகே கை எட்டும் முதல் பேட்டரியிலிருந்தே வண்டிக்குப் போகும் சிவப்பு, கறுப்பு இரண்டையும் எடுத்திருப்பார்கள். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். அங்கேதான் வினை.

கேபிள்தான் தடித்ததாயிற்றே, அதில் என்ன மின்தடை இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஓம் கணக்கில் பார்த்தால் இல்லைதான். இரண்டு முனைகளிலும் உள்ள லக் எனப்படும் வளையம் உட்பட ஒரு குட்டைக் கேபிளுக்கு 0.3 மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஓமில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. ஆனால் பேட்டரியின் உள் மின்தடையும் அப்படியொன்றும் பெரியதில்லை. நல்ல நிலையில் 4 மில்லிஓம் அளவுதான். நான்காவது பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் வெளியே வர, சிவப்புப் பக்கம் மூன்று கேபிள், கறுப்புப் பக்கம் மூன்று கேபிள் தாண்டவேண்டும். முதல் பேட்டரிக்கு ஒன்றுகூட இல்லை. இந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால், 100 ஆம்பியர் சுமையில் முதல் பேட்டரி 36 ஆம்பியர் தருகிறது, அடுத்தது 26, அதற்கடுத்தது 20, கடைசி பேட்டரி 18தான். ஒரே நாளில் வாங்கிய நான்கு பேட்டரிகள். முதலாவது நான்காவதைப் போல இரண்டு மடங்கு உழைக்கிறது. கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு கேபிளாகக் கவ்வவைத்தால் இந்த அநியாயம் கண்முன்னே எண்களாக வந்து நிற்கும்.

சார்ஜ் ஏறும்போதும் இதே விகிதம்தான். முதல் பேட்டரிக்கு விருந்து, நான்காவதற்கு மிச்சம். சார்ஜரோ நான்கையும் சேர்த்து ஒரே பேட்டரியாகத்தான் பார்க்கிறது. யார் நிறைந்தார், யார் நிறையவில்லை என்று அதற்குத் தெரியாது. ஓடி ஓடி முதல் பேட்டரி தேயும். நிறையாமல் நிறையாமல் கடைசி பேட்டரி கெடும். இரண்டு பக்கமும் நோய்.

இதற்குத் தீர்வு காசில்லாதது. சிவப்பை முதல் பேட்டரியில் இருந்தபடியே விட்டுவிட்டு, கறுப்பை மட்டும் கழற்றி நான்காவது பேட்டரியில் மாட்டினால் போதும். இப்போது எந்த பேட்டரி வழியாகப் போனாலும் மொத்தம் மூன்று இணைப்புக் கேபிள்களைத்தான் கடக்கவேண்டும். அதே கணக்கு 27, 23, 23, 27 என்று மாறிவிடுகிறது. ஒரே ஒரு கேபிள், ஒரு ஸ்பானர், பத்து நிமிடம்! அந்தச் சிறு வேறுபாடும் வேண்டாம் என்பவர்கள் தடித்த செம்புப் பட்டைகள் இரண்டைச் சுவரில் பொருத்தி, ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் ஒரே நீளத்தில் கேபிள் வெட்டி அதில் இணைத்துவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் பேட்டரிக்கு எதற்கு இவ்வளவு நீளக் கேபிள், சுருட்டிக் கிடக்கிறதே என்று வெட்டிச் சிறிதாக்கிவிடக் கூடாது.

இனி, சார்ஜ் ஏற்றுவது. எனக்கு முழு விஷயத்திலும் சுவையானது இதுதான்.

பேட்டரியைத் தொட்டியைப் போல நினைத்துக்கொள்வதால் வரும் தொல்லைகள் ஏராளம். 400 ஆம்பியர்-மணி தொகுப்பு பாதி காலியாகியிருக்கிறது. 60 ஆம்பியர் சார்ஜர் இருக்கிறது. 200 வகுத்தல் 60, மூன்று மணி 20 நிமிடம், சரியா? முதல் இரண்டு மணி நேரம் கணக்குப்படியே நடக்கும். 80 சதவீதம் வரை பேட்டரி கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். வோல்ட் மெல்ல ஏறி 14.4ஐத் தொடும். இது முதல் கட்டம். அதற்கு மேல், இரண்டாவது கட்டத்தில், சார்ஜர் 14.4ஐத் தாண்டாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே போகும் ஆம்பியர் தானாகவே குறையத் தொடங்கும். 60, 45, 30, 18, 10. கடைசி இருபது சதவீதம் ஏறுவதற்கு நான்கு மணி நேரமோ அதற்கு மேலுமோ பிடிக்கும். நிறைந்த பிறகு வோல்ட்டை 13.5 அருகே இறக்கி, தானாகக் கசிவதை மட்டும் ஈடுகட்டிக்கொண்டிருப்பது மூன்றாவது கட்டம்.

ஏன் இந்தத் தாமதம்? தகட்டின் மேற்பரப்பில் உள்ள சல்பேட் எளிதில் மாறிவிடும். தகட்டின் நுண்துளைகளுக்கு உள்ளே இருப்பது அப்படியில்லை. சல்பேட் கரையவேண்டும், புதிதாக உண்டாகும் அமிலம் துளைகளிலிருந்து வெளியே பரவவேண்டும். அதெல்லாம் தன் போக்கில்தான் நடக்கும். காய்ந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான்: முதலில் மண் மடமடவென்று குடிக்கும், ஈரம் ஏற ஏற மெதுவாக இழுக்கும், அவசரப்பட்டு மடையை அகலத் திறந்தால் வரப்பைத் தாண்டி வீணாக ஓடும். பேட்டரியில் அப்படி வீணாவது வாயுவாகப் போகிறது. மாறுவதற்குச் சல்பேட் கிடைக்காத மின்சாரம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் பற்றும். பேட்டரி அறைக்கு மேல்பக்கம் காற்றுத் துளை வைப்பது அதனால்தான்.

கடைசி இருபது சதவீதம் போனால் போகட்டும், எண்பதே போதும் என்று விட்டுவிடலாமே? அப்படி விட்டவர்கள்தான் ஆண்டுக்கொரு முறை பேட்டரி வாங்குகிறார்கள். மாறாமல் மிஞ்சிய சல்பேட் சும்மா இருக்காது. நாட்கள் செல்லச் செல்லப் பொடிப் படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிய, கெட்டியான படிகங்களாகும். அவை மின்சாரத்தைக் கடத்தா, எளிதில் கரையா. இன்று மாறாமல் விட்ட சல்பேட் அடுத்த மாதம் மாற்றவே முடியாத சல்பேட். 400 ஆம்பியர்-மணி தொகுப்பு 300 ஆகும், 250 ஆகும். அந்த நிலையில் மேலும் இரண்டு பேட்டரி சேர்த்தால் நிரப்பவேண்டிய அளவு கூடுகிறது. நிரப்பும் கருவி பழையதுதான். நோய் வேகமாக முற்றும்.

குவார்ட்ஸைட்டில் பழகியவர்கள் இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். காலையில் ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டி முதல் கட்டத்தை முடிப்பார்கள், பிறகு அணைத்துவிடுவார்கள். மீதியைக் கூரை மேல் இருக்கும் சோலார் பேனல்கள் பார்த்துக்கொள்ளும். 10 ஆம்பியர் வாங்கும் பேட்டரிக்காக 3,000 வாட் ஜெனரேட்டரை மணிக்கணக்கில் ஓட்டி எரிபொருளைக் கரைப்பது மடத்தனம். சோலாருக்கோ அவசரமே இல்லை. குறைந்த ஆம்பியர், நீண்ட நேரம். கடைசி இருபது சதவீதம் கேட்பதும் அதைத்தான். ஜெனரேட்டரை மாலையில் ஓட்டுகிறவர்கள் இந்த உதவியை இழக்கிறார்கள்.

சார்ஜர் எந்த வோல்ட்டில் நிற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். பழைய மோட்டார்ஹோம்களில் கம்பெனி பொருத்திய சார்ஜர்கள் பல, எப்போதும் 13.6 வோல்ட் மட்டும் கொடுப்பவை. நிறைந்த பேட்டரியைப் பேணுவதற்கு அது நல்ல எண். காலி பேட்டரியை நிரப்ப அது போதாது. நாள் கணக்கில் ஆகும். குளிரும் கணக்கில் வரும். பேட்டரி குளிர்ந்திருந்தால் வேதிவினை மந்தமாகும். கூடுதல் வோல்ட் கேட்கும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.03 வோல்ட் கூட்டவேண்டும். 25 டிகிரியில் 14.4 என்றால், பாலைவன விடியலின் 10 டிகிரியில் 14.85 தேவை. நல்ல சார்ஜரோடு ஒரு சிறு வெப்ப உணரி வரும். அதை டெர்மினலில் ஒட்டாமல் டப்பாவிலேயே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

வண்டி ஓடும்போது இன்ஜினின் ஆல்டர்னேட்டரும் வீட்டு பேட்டரிகளை நிரப்பும். இங்கேயும் கேபிள் விளையாடும். இன்ஜினிலிருந்து பின்னால் இருக்கும் பேட்டரி வரை ஆறு மீட்டர். போகவர 12 மீட்டர். 10 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் போட்டு 40 ஆம்பியர் அனுப்பினால் வழியிலேயே 0.8 வோல்ட் காணாமல் போகும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரி பார்ப்பது 13.4. உடனே அது ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். நாள் முழுக்க ஓட்டியும் சார்ஜ் ஏறவில்லையே என்று புலம்புவதில் பாதி இதனால்தான். 50 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.17க்கும் கீழே இறங்கிவிடும். செம்பு விலை கண்ணைக் கட்டும். இன்னொரு பேட்டரியின் விலையும் அப்படித்தான்.

லித்தியம் வந்த பிறகு இந்தக் கவலைகளில் பாதி ஒழிந்தது. புதிதாகச் சில முளைத்தன. மோட்டார்ஹோமில் போடுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவில் இருந்த இந்தியர்கள் அக்ஷய பாதியும் நஞ்சுண்டசாமியும் அவரோடு சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து பிறந்தது. குடினஃபுக்கு லித்தியம் பேட்டரிக்கான நோபல் பரிசு 2019இல், 97ஆம் வயதில் கிடைத்தது.

ஓர் அறைக்கு 3.2 வோல்ட், நான்கு அறை சேர்ந்து 12.8. எடை காரீயத்தில் பாதிகூட இல்லை. கடைசி இருபது சதவீதம் என்ற தொல்லை இதற்குக் கிடையாது. ஏறக்குறைய முடிவு வரை ஒரே வேகத்தில் வாங்கும். பாதியில் நிறுத்தினாலும் கெடாது. எப்போதும் நூறிலேயே வைத்திருப்பதுதான் இதற்குப் பிடிக்காது. காரீயத்தை நிறைத்தே வைக்கப் பழகியவர்கள் லித்தியத்துக்கு மாறும்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிடவேண்டும்.

தொல்லைகள் வேறு மாதிரி. பூச்சியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் எதிர்முனையின் மேல் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது. வோல்ட் மீட்டரும் பயனற்றுப் போகிறது. 90 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்தான் காட்டும். எத்தனை ஆம்பியர்-மணி போனது, வந்தது என்று எண்ணும் கருவி தனியாக வேண்டும். உள் மின்தடை மிகக் குறைவு என்பதால் ஆல்டர்னேட்டர் கொடுப்பதையெல்லாம் விழுங்கும். மெதுவாக ஓடும் இன்ஜினில் முழுச் சுமை தாங்கும் ஆல்டர்னேட்டரின் சுருள், குளிர்விக்கப் போதிய காற்றில்லாமல் கருகிவிடும். நடுவில் ஆம்பியரைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் போடாமல் நேரடியாக இணைப்பது சூதாட்டம். பல லித்தியம் பேட்டரிகளைப் பக்கத்தில் சேர்க்கும் முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுதாக ஏற்றி ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவரவேண்டும். ஒன்று நிறைந்தும் மற்றது காலியாகவும் இருக்கும்போது இணைத்தால், தடுப்பார் இல்லாமல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெரும் மின்னோட்டம் பாயும்.

எந்த வகையானாலும் ஓர் எச்சரிக்கை பொது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் கை வைப்பவர்கள், ஆம்பியரை மறந்துவிடுகிறார்கள். மேற்சொன்ன நான்கு பேட்டரிகளின் மொத்த உள் மின்தடை ஒரு மில்லிஓம். இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பானர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பானர் நொடியில் பழுத்துச் சிவந்து ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரம் இருந்தால் விரல் போகும். பக்க இணைப்பில் ஒரு பேட்டரியின் உள்ளே அறை பழுதாகி ஷார்ட் ஆனால், மற்ற மூன்றும் தங்கள் சக்தியை அதற்குள் கொட்டும். ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி ஃபியூஸ் வேண்டும் என்பது இதனால்தான். மொத்தத்துக்கும் சேர்த்து ஒன்று போட்டால் இந்தச் சண்டையை அது பார்க்கவே பார்க்காது.

அரிசோனா பாலைவனம் தூரம். ஆனால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே நிற்பதும் பெரும்பாலும் பிளாந்தேயின் காரீயமும் அமிலமும்தான். இரண்டு பேட்டரி தொடரில் உள்ள வீடு என்றால், ஒன்று பழுதானதும் அதை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பழையது முதலில் நிறைந்து கொதிக்கும், புதியது நிறையாமலே கெடும்; இரண்டையும் ஒரே நாளில், ஒரே வகையாக வாங்குங்கள். டிஸ்டில்டு வாட்டரை, தகடு வெளியே தெரிந்தாலன்றி, சார்ஜ் ஏறி முடிந்த பிறகே ஊற்றுங்கள். மாதக்கணக்கில் வெளியூர் போவதாக இருந்தால், மின்வெட்டு முடிந்த கையோடு மெயினை அணைத்துவிட்டுக் கிளம்பாமல், ஒரு ராத்திரியாவது முழுக்கச் சார்ஜ் ஏறவிட்டுப் பிறகு போங்கள்.